1825 வாக்கில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மணமான, என் முன்னோரில் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்சஸில் அவர் பெயரே இல்லையே?

இருக்காது. 1790 முதல் 1840 வரை அமெரிக்க சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் பெரும்பாலும் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. அடிமைகள் அல்லாத எல்லோர் பெயரும் வந்தது 1850-ல், உறவுமுறை 1880-ல்.

அதனால் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தின் திருமணப் பிணைப் பத்திரத்திலிருந்து, அதாவது கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று மாப்பிள்ளை முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். மாப்பிள்ளையோடு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பல சமயம் பெண்ணின் அப்பா அல்லது சகோதரர். பெண் 21 வயதுக்குக் கீழே என்றால் தகப்பனார் சம்மதச் சீட்டும் கிடைக்கலாம், அது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பத்திரம் இருப்பதாலேயே கல்யாணம் நடந்ததாகிவிடாது. கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியார் அலுவலகத்துக்கு அனுப்பிய சான்றையும் தேடுங்கள்.

அப்புறம், ஜாமீன்தாரரை அதே கவுண்டியின் 1820 சென்சஸில் பிடியுங்கள். 10–16 வயதுக் கட்டத்தில் ஒரு பெண் இருந்து, 1830-ல் இல்லையென்றால் நல்ல தடயம். விதவை மறுமணமா என்றும் பாருங்கள். அப்போது பத்திரத்தில் இருப்பது முதல் கணவரின் குடும்பப்பெயராக இருக்கும்.