மெத்தடோன் குடிக்கும் நண்பருக்குத் துணையாக இருப்பது எப்படி?

கேள்வி: என் நண்பனுக்கு வயது 34. பத்து வருடமாக ஹெராயின் பழக்கம். இப்போது அரசாங்க சுகாதார கிளினிக்கில், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம். தினமும் காலை எட்டு மணிக்கு நான்தான் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகிறேன். சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. பதினொரு மணி வாக்கில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிடுகிறது. இரவில் தூக்கம் வரவில்லை என்று யாரிடமோ தூக்க மாத்திரை வாங்கி இரண்டு மூன்று நாளாகப் போடுகிறான். அவன் அம்மா, "இதுவும் போதைதானே, சீக்கிரம் விடச் சொல்லுப்பா" என்கிறார். நான் என்ன செய்யட்டும், டாக்டர்? (வாசகர், கிள்ளான்)

பதில்: தம்பி, முதலில் அந்தத் தூக்க மாத்திரை. நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். மெத்தடோன் மூச்சின் வேகத்தைக் குறைக்கும். எரிமின், டோர்மிக்கம் போன்ற தூக்க மாத்திரைகளும் குறைக்கும், மதுவும் குறைக்கும். தனித்தனியாகத் தாங்குகிற உடம்புக்கு இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

ஆரம்ப வாரங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மெத்தடோன் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நேற்றுக் குடித்ததில் ஏறக்குறைய பாதி இன்றைக்கும் பலருக்கு உள்ளேயே இருக்கும், அதன்மேல் இன்றைய மருந்து சேரும். திங்கட்கிழமை ஒன்றும் செய்யாத அதே அளவு வெள்ளிக்கிழமை ஆளைச் சாய்த்துவிடலாம். அதனால்தான் 20, 30 மில்லிகிராமில் தொடங்கி, சில நாள் பொறுத்துப் பொறுத்து ஏற்றுகிறோம்.

எட்டு மணிக்குக் குடித்தவருக்குப் பதினொரு மணிக்குத் தலை தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரக் கணக்கு எங்களுக்கு மிகவும் உதவும். குடித்து இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் மருந்து உச்சத்தில் இருக்கும். அப்போது ஆள் தூங்கி விழுந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். நாளைக் காலை மருந்தை வாங்குவதற்கு முன்பே இதைக் கவுண்டரில் சொல்ல வேண்டும், மாத்திரை விஷயத்தையும் சேர்த்து. திட்டுவதற்காகக் கேட்பதில்லை, அளவை ஏற்றுவதா, நிறுத்தி வைப்பதா, குறைப்பதா என்று முடிவெடுக்கத்தான். மாத்திரையை உண்மையில் பல மாதமாகவே போட்டு வருகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை அவர் மோட்டார் ஓட்ட வேண்டாம், இன்றிரவு தனியாகப் படுக்கவும் வேண்டாம்.

பக்கத்தில் படுப்பவர் கவனிக்க வேண்டியது குறட்டையை. தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போன்ற, வழக்கத்தில் இல்லாத குறட்டை. "நன்றாக அசந்து தூங்குகிறான் என்று விட்டுவிட்டோம், டாக்டர்" என்று அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தோளை உலுக்கியும் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலமாகிறது, கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 999. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்ட இழுத்துப் போகாதீர்கள். மருத்துவமனையில், மெத்தடோனின் வேலையை முறிக்கும் நாலொக்சோன் ஊசி போட்டு எழுந்துவிட்டாலும் வீட்டுக்குக் கூட்டி வர அவசரப்பட வேண்டாம். ஊசி சீக்கிரம் தீர்ந்துவிடும், மெத்தடோன் தீராது.

வியர்வையிலும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். விடியற்காலையில், மருந்துக்கு முன்னால் வியர்த்து, கூடவே கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு என்றால் மருந்து இன்னும் போதவில்லை. குடித்த பிறகு நாள் முழுக்க வியர்த்தால் அது பக்கவிளைவு. பருத்திச் சட்டையும் நிறையத் தண்ணீரும்தான் முதல் வழி. ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரத்துக்கு நேரம் போட்டு எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

மலச்சிக்கல் நாளாக நாளாகத் தானே சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். மெத்தடோன் குடிக்கும் வரை அதுவும் கூடவே வரும். பப்பாளி, கீரை, தண்ணீர் எல்லாம் நல்லதுதான், ஆனால் பலருக்கு லாக்டுலோஸ் அல்லது சென்னா என்ற மலமிளக்கி மருந்தும் தேவைப்படும். கிளினிக்கிலேயே கேளுங்கள். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளை வாங்கிக் கொடுக்காதீர்கள். அசைவு குறைந்த குடலில் அது கட்டியாக நின்றுவிடலாம்.

வாய் வறண்டு பல் சொத்தையாகும், அதனால் மருந்து குடித்ததும் வாய் கொப்பளிக்கட்டும். ஆண்மைக் குறைவு வந்தால் வெட்கத்தில் மறைத்து மருந்தையே விட்டுவிடுகிறார்கள். அதற்கும் இரத்தப் பரிசோதனையும் வழியும் உண்டு. படபடப்போ மயக்கமோ வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் மெத்தடோன் குடிப்பதை முதலில் சொல்லட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மெத்தடோனின் வேலையைப் பாதியிலேயே கெடுத்துவிடும், சில ஆன்டிபயாட்டிக்குகள் அதைக் கூட்டிவிடும்.

இனி, அம்மா சொன்னது. அந்தத் தாயின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த பொட்டலத்துக்குப் பணம் தேடுவதிலேயே நாள் போய்விடும். மெத்தடோன் ஒரு நாள் முழுக்க ஒரே சீராக நிற்கும். ஆள் வேலைக்குப் போகலாம், சோறு சாப்பிடலாம், ஊசியைத் தொட வேண்டியதில்லை. நியூயார்க்கில் டோல், நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1960களில் காட்டிய வழி இது. மலேசியாவில் ஊசி வழியாக எச்ஐவி பரவியதைப் பார்த்து 2005-இல் அரசாங்கமே இதைத் தொடங்கியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. பலருக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படும், குறைந்தது ஒரு வருடம், பெரும்பாலும் அதற்கும் மேல். அவசரமாக விட்டவர்களில் பலர் ஹெராயினுக்குத் திரும்புகிறார்கள். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்போது பழைய அளவை ஏற்றினால் உயிரே போகலாம்.

என்னிடம் வந்த ஒருவர் தைப்பூச விரதத்துக்காக நாலு நாள் மருந்தை விட்டார். காவடி இறக்கிய மறுநாள் வந்து, பழைய 70 மில்லிகிராமையே கேட்டார். விட்டதை நர்ஸிடம் அவர் மனைவி சொன்னதால் பாதியாகக் குறைத்துக் கொடுத்தோம். மூன்று நாள் தொடர்ந்து விட்டாலே பழைய அளவு ஆபத்து. பின்னால் வீட்டுக்கு எடுத்துப்போகப் பாட்டில் கொடுத்தால் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாய் குடித்தால் கூட குழந்தை இறந்துபோகலாம்.

ஒருநாள் அம்மாவையும் கிளினிக்குக் கூட்டி வாருங்கள். மகன் சின்னக் கப்பில் மருந்தைக் குடித்து, அதே கப்பில் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட பார்மசிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வேலைக்குப் போவதை அவர் பார்க்கட்டும். ஆனால் அது பிறகு. நாளைக் காலை மோட்டாரைக் கிளப்பும் முன், "மாத்திரையைப் பற்றி நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று நண்பரிடம் கேட்டுவிடுங்கள்.