பேன்ட் சைஸ் 36, தோட்டா பெல்ட் ஏன் எட்டவில்லை?

குளிர் தொடங்கினால் போதும், கினிக்கோழி வேட்டைப் பேச்சும், தோட்டா செருக வளையங்கள் தைத்த இடுப்பு பெல்ட் பற்றிய கேள்விகளும் சேர்ந்தே வந்துவிடும். தென்னாப்பிரிக்காவில், நட்டால் பக்கத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஷூ ஃபேக்டரி ஒன்றில் கட்டிங் டேபிளில் முப்பது வருஷம் நின்றவன் நான். துப்பாக்கியைவிடத் தோலைத்தான் எனக்கு அதிகம் தெரியும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஐயா, என் பேன்ட் சைஸ் 36. அதே நம்பர் போட்ட பெல்ட் வாங்கினேன், முதல் துளைகூட எட்டவில்லை. (சாட்ஸ்வொர்த்)

தோட்டா பெல்ட் பேன்ட் லூப்புக்குள் போகிற சாமான் இல்லை, தம்பி. ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், அதற்கும் மேல் கட்டுவது. மிட்லண்ட்ஸ் என்கிற நட்டால் உள்நாட்டு மேட்டுப்பகுதியின் விடியற்காலையில் எதை உடுத்துவீர்களோ அதையே உடுத்துக்கொண்டு, இடுப்பெலும்பு மேல் டேப் சுற்றுங்கள். 36 பேன்ட்காரருக்கு 40, 41 வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த அளவு பக்கிளிலிருந்து நடுத் துளைவரை வரவேண்டும். சில கடைகள் நுனியிலிருந்து நுனிவரை அளந்து நம்பர் போடுகின்றன, கேட்டு வாங்குங்கள். என்னைப் போல் தொந்தி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: 25 தோட்டா போட்டால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், பெல்ட் வயிற்றுக்குக் கீழே இறங்கியே தீரும். தோள் வார் வைத்தது வாங்குங்கள்.

அண்ணே, புது பெல்ட்டில் தோட்டா இழுக்க வரவில்லை. எண்ணெய் தடவலாமா? (டோங்காட்)

தடவாதீர்கள். எண்ணெய் குடித்த தோல் இளகும். இளகினது திரும்ப இறுகாது. சுட்டு முடித்த காலி ஓடுகளை வளையங்களில் செருகி ஒரு வாரம் வையுங்கள். வெடித்த ஓடு கொஞ்சம் உப்பியிருக்கும், அதுவே பதமாக விரித்துக் கொடுக்கும்.

இறுக்கமாவது பரவாயில்லை, தொளதொளப்புக்கு மருந்தே கிடையாது. எல்லோரும் இடுப்பைத்தான் அளக்கிறார்கள், வளையத்தை யாரும் பார்ப்பதில்லை. மாட்டின் முதுகுத் தோல் இழுத்தால் கொடுக்காது. வயிற்றுத் தோல் ரப்பர் மாதிரி கொடுக்கும். விலை குறைய வேண்டுமென்றால் வளையத்தை வயிற்றுத் தோலில்தான் வெட்டுவார்கள். தோல்காரன் நானே ஒருமுறை ஏமாந்தேன். மெருகைப் பார்த்து மயங்கி வாங்கிய பெல்ட், இரண்டாவது சீசனில் மூயி ரிவர் பக்கம் ஒரு கம்பிவேலி தாண்டும்போது நாலு தோட்டாவைப் புல்லில் உதிர்த்தது. மூன்றுதான் கிடைத்தன. நாலாவதைத் தேடியே அன்றைய காலை போயிற்று.

ஆகவே கடைக்குப் போகும்போது காலி ஓடு ஒன்றில் மணல் நிரப்பி, வாயை டேப்பால் ஒட்டி எடுத்துப் போங்கள். செருகி, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக்கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் மட்டும் வரவேண்டும். இதைப் பல வளையங்களில் செய்து பாருங்கள், ஓரத்து வளையத்தையும் விடாதீர்கள்.

அப்பாவின் 12 போர் பெல்ட் இருக்கிறது, என் துப்பாக்கி 20 போர். அதிலேயே போட்டுக்கொள்ளலாமா? (ஸ்டேஞ்சர்)

கூடாது, அம்மா. போர் என்பது குழாயின் அளவு, நம்பர் கூடக்கூட குழாயும் தோட்டாவும் சிறுக்கும். முதல் காரணம், நிற்காது. 12 போர் தோட்டாவின் உடம்பு 20.5 மி.மீ. சுமார், 20 போர் தோட்டாவின் அடியிலுள்ள பித்தளை விளிம்பே அதைவிட ஒரு மில்லி குறைவு. அடி திறந்த வளையமாக இருந்தால் நேரே தரைக்கு வந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் பயங்கரம். ஒரே வீட்டில் இரண்டு போரும் இருந்து தோட்டா கலந்துவிட்டால், 20 போர் தோட்டா 12 போர் குழாய்க்குள் வழுக்கிப்போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்க்கிறவர் கண்ணுக்கு தோட்டா போடும் அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று பின்னாலேயே ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும், இடது கை போகும். 20 போர் ஓட்டுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிற வழக்கம் இதற்காகத்தான். அப்பாவின் பெல்ட்டை ஆணியில் மாட்டி அழகு பாருங்கள். உங்களுக்கு 20 போர் வளையம் தைத்தது தனியாக வாங்குங்கள்.

பெல்ட்டிலேயே வைத்த தோட்டாக்களின் அடியில் பச்சைப் பிசுக்கு. தோல் போலியா? (வெருலம்)

போலி இல்லை, அசல் என்பதற்கு அடையாளம். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் புளிப்பு உண்டு. அது பித்தளையைத் தின்று களிம்பு ஏற்றும். டர்பன் கடற்கரை ஈரக்காற்று அதற்கு உதவி. தோல் பதனிடத் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை என்றால் நட்டாலில் வாட்டில் மரப் பட்டை. வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்தான். ஒரு காலத்தில் இங்கிருந்து மெட்ராஸுக்கே அந்தப் பட்டை கப்பலேறியது.

வேட்டை முடிந்த அன்றே தோட்டாக்களை எண்ணி எடுத்துப் பெட்டியில் போட்டு சேஃபில் பூட்டுங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. அலமாரி ஆணியில் தோட்டாவோடு தொங்கும் பெல்ட் இரண்டு வகையிலும் வம்பு. களிம்பு ஏறி வீங்கிய தோட்டாவைத் துப்பாக்கியில் போடாதீர்கள். பெல்ட்டைப் பருத்திப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும்.

25 வளையம் போதுமா? நான் இடது கைக்காரன், தனி பெல்ட் உண்டா? (ஃபீனிக்ஸ்)

போதும். ஒரு பெட்டித் தோட்டா 25, பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுகிற ஸ்கீட் விளையாட்டில் ஒரு சுற்றும் 25. தட்டு மட்டும் சுடுகிறவர் என்றால் பெல்ட்டே வேண்டாம், இடுப்புப் பை போதும். இடது கைக்குத் தனி பெல்ட் தேவையில்லை. நிறைந்த வளையங்கள் இடப்பக்கம் வரும்படி திருப்பிக் கட்டுங்கள்.

மாட்டுத்தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் அம்மா. வேறு வழி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கான்வாஸ் பெல்ட் இருக்கிறது. மழையில் நனைந்தால் காய நேரமாகும், மற்றபடி குறையில்லை. தோல்தான் வேண்டுமென்றால் ‘கூடு’ (kudu) என்கிற ஆப்பிரிக்க மானின் தோல். மெத்தென்று இருக்கும், ஆனால் இழுத்தால் கொடுக்கும். அதனால் பட்டை மட்டும் கூடு தோலில், வளையங்கள் கான்வாஸில் என்று சொல்லித் தைக்கச் சொல்லுங்கள். கூடு தோலில் முள் கீறிய தழும்புகள் அங்கங்கே தெரியும். அம்மா சந்தேகப்பட்டால் அதைக் காட்டுங்கள்.