திரும்பியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு பந்தயப் புறாக் கூண்டு உண்டு. ஊர் வரலாற்றைச் சிறு நூலாக எழுதுகிறேன். முதல் நான்கு பக்கத்தை இணைத்திருக்கிறேன். முதல் ஜோடியைக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை என்கிறார்கள். ஆதாரம் எங்கே தேடுவது? புறாப் பந்தயம் கொடுமை என்பவர்களுக்கு என்ன பதில் எழுதலாம்? நூலுக்குத் தலைப்பும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கொடுமையா இல்லையா என்பதை, பனி இறங்கினால் கூண்டுக்குச் சாக்கு போர்த்தும் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். தலைப்பு, எழுதி முடித்தபின் தானே வரும். துரையை விட்டுவிடுங்கள். நீலகிரியில் எதைத் தொட்டாலும் ஒரு துரை கொடுத்ததாகத்தான் சொல்வார்கள்.

நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் எங்கே போயிற்று? பெல்ஜியத்தில், தொலைவில் விட்டாலும் கூடு திரும்பும் ஹோமர் புறா உருவானது, 1850இல் செய்தி நிறுவனக்காரர் ராய்ட்டர் ஜெர்மனியின் ஆகனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே பங்குச் சந்தை விலைகளைப் புறாவிடம் கொடுத்தனுப்பியது, 1946இல் ஒடிசா போலீஸ் கோராபுட்டில் புறா அஞ்சல் தொடங்கியது. தப்பில்லை, எல்லாம் சரியான தகவல். ஆனால் உங்கள் ஊருக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: 'தாயகம் திரும்பியோருக்காக இக்குடியிருப்பு உருவானது. 1971இல் என் பாட்டியும் கண்டியிலிருந்து திரும்பினார்.'

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சில மாதங்களாகவே 'திரும்பியோர்' என்ற அந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஊட்டியில் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது, சேர்த்துவைத்த காசையெல்லாம் கொடுத்துக் குன்னூரில் ஒருவரிடம் வளர்ந்த ஹோமர் ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதம் கம்பும் பட்டாணியும் போட்டுக் கையில் ஏறி உட்காரும் அளவுக்குப் பழக்கிவிட்டுக் கூண்டைத் திறந்தேன். கூரையை இரண்டு சுற்று சுற்றியது, போய்விட்டது. மறுநாள் குன்னூர் போனால், பழைய பலகையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கிறது. (அடுத்த வாரம் அதையே அவர் இன்னொரு பையனுக்கு விற்றார்.) பெரியப்பாதான் சொன்னார்: வாங்கிய புறாவைச் சாகும்வரை பூட்டித்தான் வைக்க வேண்டும். இங்கே பொரிந்த குஞ்சுதான் இங்கே திரும்பும்.

பிறகு அவரே ஒரு ஜோடி வாங்கித் தந்தார். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும் காலில் அடையாள வளையம் போட்டார். முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்தார். பின்விரலைக் காலோடு மடக்கி, அதற்கும் மேலே வளையத்தை ஏற்றினார். பிறகு தீக்குச்சியால் அந்த விரலை மெல்ல வெளியே நெம்பினார். பத்து நாளைத் தாண்டினால் கால் தடித்துவிடும், வளையம் ஏறாது. வளர்ந்தபின் அந்தக் குஞ்சை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். நாங்கள் வந்து சேர்ந்தபோது அது கூரையில் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் பாட்டி எங்கே பிறந்தார்? கண்டிப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாக்கினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏற்றி, ராமேஸ்வரத்தில் இறக்கி, இந்த மலைக்குக் கொண்டுவந்து டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க விட்டார்கள். கண்ணாலும் காணாத ஊருக்கு ஒருத்தி எப்படியம்மா திரும்புவாள்? கோப்பு எழுதுகிறவனுக்கு அந்தச் சொல் வசதி. அனுப்பியவன்மேல் பழியில்லை, வாங்கிக்கொண்டவனுக்குக் கடனில்லை. நீங்கள் புறா வளர்க்கும் வீட்டுப் பெண். பொரிந்த கூட்டை விட்டு எதிர்த்திசையில் போகும் புறாவை 'திரும்புகிறது' என்று உங்கள் ஊரில் எந்தப் பொடியனாவது சொல்வானா? நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சொந்தப் பாட்டியைப் பற்றி. கடைத்தெருவில் இன்றும் உங்களைச் 'சிலோன்காரர்' என்றுதானே சொல்கிறார்கள்?

பாட்டிக்குக் காது மந்தம், பழையதைப் பேசினால் அழுகிறார் என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். உரக்கக் கேளுங்கள். அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், பேனாவை மூடிவைத்துவிட்டு. எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், கப்பலில் என்ன கொண்டுவந்தார், எதை விட்டுவிட்டு வந்தார் என்பதெல்லாம் மெல்ல வரும்.

முதல் ஜோடி எங்கிருந்து வந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கலாம். துரையைத் தேடப் புறப்படும் முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டாமா?