மூன்றாம் தடவை மெத்ஸ் வேண்டாம், பையன் கோனை எடுக்கட்டும்

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 19 வயது. கணிதப் பிரிவில் இரண்டு தடவை உயர்தரம் எழுதியாயிற்று. இரண்டாம் தடவை இரண்டு எஸ், ஒரு சி. பாடசாலை உதைபந்தாட்ட அணியில் விங் பேக்காக ஓடியவன், போன வருடம் முழங்கால் லிகமென்ட் அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டான். இப்போது பின்னேரங்களில் அதே பாடசாலையில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சும்மா பிராக்டிஸ் கொடுக்கிறான். "கோச் ஆகப் போறேன்" என்கிறான். கனடாவில் இருக்கும் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று தேர்ட் ஷை, அதாவது மூன்றாம் தடவை, எழுது, இல்லையென்றால் தனியார் கெம்பஸில் எஞ்சினியரிங், பாதிப் பணம் நான் அனுப்புகிறேன், மீதிக்கு ஃபிளாட்டை வங்கியில் வையுங்கள் என்கிறார். கூடவே, "பந்து உதைக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்றும் கேட்டிருக்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா. ஆறுதல் இவ்வளவுதான். இனிக் கணக்குப் பார்ப்போம்.

கொழும்பு மாவட்டத்திலிருந்து பொறியியல் பீடத்துக்குப் போக இசட் புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பது டியூஷன் வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு எஸ்ஸிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரே வருடத்தில் ஏறியவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு மெத்ஸில் மனம் இருந்தது. உங்கள் மகன் இரண்டு வருடமும் டியூஷன் வகுப்பில் உட்கார்ந்து ஃபோர்மேஷன் (மைதானத்தில் அணி நிற்கும் அமைப்பு) கீறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் தடவையும் அதையேதான் கீறுவான். தனியார் பட்டத்துக்காக ஃபிளாட்டை வைப்பதற்கு என் பதில் இல்லை என்பதே. குடியிருக்கும் வீட்டை, அவன் கேட்காத படிப்புக்காக வைக்கக் கூடாது. அவன் கேட்ட படிப்புக்காகவும் வைக்கக் கூடாது. "ஐரோப்பாவில் ட்ரையல் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது ஏஜென்ட் வந்தால் அவருக்கும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

சீமா, ஐ.டி., நேர்சிங், கப்பல் வேலை பற்றி உறவினர்கள் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப் போவது அவர்கள் தொடாத வழியை.

உதைபந்தாட்டப் பயிற்றுநர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரே படம்தான் தெரியும். முதலில் பெரிய நட்சத்திரம், பிறகு கோட் போட்டுக்கொண்டு தேசிய அணியின் பெஞ்சில் உட்காருபவர். ஜெர்மனியின் பெக்கன்பவரும் பிரான்ஸின் டெஷாம்ப்ஸும் அப்படித்தான் வந்தார்கள், அணித்தலைவராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணம் எடுத்தார்கள். அந்த வழி உங்கள் மகனுக்கு முழங்காலோடு மூடிவிட்டது. இன்னொரு வழி இருக்கிறது. பிரேசிலின் கார்லோஸ் அல்பர்டோ பரெய்ரா தொழில்முறையில் ஆடியதே இல்லை. உடற்கல்வி படித்தவர். 1967இல், 24 வயதில், கானா தேசிய அணியைப் பயிற்றுவிக்கப் போனார். 1970இல் பிரேசில் அணியின் உடற்தகுதிக் குழுவில் இருந்தார். 1994இல் அதே பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். குவைத், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, தென்னாபிரிக்கா என்று நாடு மாறி மாறி, மொத்தம் ஆறு உலகக் கிண்ணங்களில் தலைமைப் பயிற்றுநராகப் பெஞ்சில் இருந்தார். இங்கிலாந்தில் பெரிய கிளப் எதிலும் ஆடாத ரோய் ஹொட்ஜ்சன் 1976இல் சுவீடனுக்குப் போய், ஹால்ம்ஸ்டாட் என்ற சின்ன ஊர்க் கிளப்பில் தொடங்கினார். பிறகு சுவிட்சர்லாந்து, பின்லாந்து, கடைசியில் இங்கிலாந்து.

நம் அயலுக்கு வாருங்கள். இங்கிலாந்துப் பயிற்றுநர் ஸ்டீபன் கொன்ஸ்டன்டைனின் ஆட்டத்தையும் முழங்கால்தான் முடித்தது. 1999இல் நேபாளத் தேசிய அணிக்கு வந்தார். பிறகு இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா, மறுபடி இந்தியா, பாகிஸ்தான். அவருடைய இரண்டாவது சுற்றில்தான் இந்தியா ஃபிஃபா தரவரிசையில் 173இலிருந்து 2017இல் 96க்கு ஏறியது. நம் வீட்டு ஆள் என்றால் பக்கீர் அலி. இலங்கை அணித் தலைவர், பங்களாதேஷ் கிளப்புகளில் ஆடிப் பேர் எடுத்தவர், பிறகு அங்கேயே பயிற்றுநர், பிறகு நம் தேசிய அணிக்கும் பயிற்றுநர். 2022 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோனவர் அவர். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் அவுஸ்திரேலியாவிலிருந்து அலஜிச், ஸ்கொட்லாந்திலிருந்து மொரிசன், குவைத்திலிருந்து அல்முதைரி என்று வெளியாட்கள் வந்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஆட்களை நாடு கடந்து எடுப்பார்கள் என்பது பெரியப்பாவுக்குத் தெரியட்டும். அவரும் நாடு கடந்தவர்தானே.

தேசிய அணி என்பது உச்சி. எல்லோரும் அங்கே போவதில்லை, உங்கள் மகன் போவான் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஏணி ஒன்றுதான், அதன் முதல் படி கொழும்பிலேயே இருக்கிறது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமங்கள் சி, பி, ஏ, ப்ரோ என்று நான்கு. கோல் கீப்பர் பயிற்சிக்கும் உடற்தகுதிக்கும் ஃபுட்சாலுக்கும் தனித்தனி உரிமங்கள் உண்டு. இலங்கையில் நடக்கும் வகுப்புகளை நடத்துவது உதைபந்தாட்டச் சம்மேளனம். இடங்கள் கொஞ்சம், அதனால் ஒரு கிளப்போ பாடசாலையோ லீக்கோ பரிந்துரைக்கும் ஆளுக்கே முன்னுரிமை கிடைக்கும். பணம் கட்டினால் வீட்டிலிருந்தே "கோச்சிங் சேர்ட்டிபிகேட்" என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரங்களுக்கு இந்த ஏணியில் இடமில்லை, அந்தக் காசைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உரிமத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உண்மையான அணி ஒன்றைப் பயிற்றுவித்த காலம் காட்ட வேண்டும், எடுத்த உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். ஆகவே அவசரப்பட முடியாது. 19 வயதில் சி எடுத்தால் 30ஐ நெருங்கும்போது ப்ரோவின் வாசலில் நிற்கலாம். மருத்துவத்தில் விசேட நிபுணர் ஆகவும் அவ்வளவு காலமாவது ஆகும், அங்கே மட்டும் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

சி வகுப்பில் அடிவாங்குகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக ஆடியவர்கள். ஏனென்று சொல்கிறேன், மகனும் கேட்கட்டும். அங்கே உங்கள் ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை. ஒரு தலைப்பைக் கொடுத்து, 20 நிமிடம் போல நேரம் கொடுத்து, மற்றப் பங்காளிகளையே வீரர்களாக நிற்க வைத்து, பயிற்றுவி என்பார்கள். தலைப்பு "நெருக்கத்தில் பந்தைக் காப்பாற்றிப் பாஸ் கொடுத்தல்" என்று வையுங்கள். 8 மீற்றருக்கு 8 மீற்றர் சதுரம், நாலு மூலைக்கும் நாலு கோன், வெளியே பந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் நாலு பேர், உள்ளே அதைப் பறிக்கப் பார்க்கும், பிப் (நிற மேலங்கி) போட்ட இரண்டு பேர். மூன்று பாஸுக்குள் பந்து பறிபோய்க்கொண்டே இருந்தால் சதுரம் சிறிது, ஒவ்வொரு பக்கமும் ஒரு மீற்றர் கூட்ட வேண்டும். பத்துப் பாஸ் தாண்டியும் பறிபோகவில்லை என்றால் குறைக்க வேண்டும். இதைப் பார்த்து மாற்றுவதுதான் பயிற்றுவித்தல். ஆடிப் பழகியவர்கள் மாற்ற மாட்டார்கள், "வடிவா உதையுங்கடா" என்று கத்துவார்கள். திருத்தம் சொல்லவும் முறை உண்டு. விசிலை ஊதி எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தி, பந்து வருமுன் தோளுக்கு மேலால் பார்த்தானா, பந்துக்குத் தூரத்துக் காலால் வாங்கினானா என்று ஒரே ஒரு விடயத்தைக் காட்டி, அதே நிலையிலிருந்து மறுபடி ஆடவிட வேண்டும். முப்பது நொடிக்கு மேல் பேசினால் பிள்ளைகள் புல்லுப் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். பரீட்சகர் அதையும் பார்ப்பார்.

இன்னும் நாலு இடங்களில் வழுக்கும். பதினாறு பிள்ளைகளுக்கு இரண்டு பந்து கொண்டுபோய் நீள வரிசையில் நிறுத்துவது, அப்போது ஒரு பிள்ளை பந்தைத் தொடும் நேரம் மிகக் குறைவு. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 5ஆம் இலக்கப் பந்தைப் போடுவது. அவர்களுக்கு 4ஆம் இலக்கம், சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ. வரை. சதுரத்துக்குள் போய் நின்று பாதிப் பேருக்கு முதுகு காட்டுவது. பின்னேரம் மூன்றரை மணி வெயிலில் தண்ணீருக்கு நேரம் விடாமல் திட்டம் எழுதுவது. எழுத்து என்றதும் இன்னொன்று: பயிற்சித் திட்டத்தை முதல்நாளே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒழுங்கமைப்பு, படிமுறை, திருத்தக் குறிப்புகள் எல்லாம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். உயர்தரப் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு இது கஷ்டமில்லை. பாருங்கள், அந்த இரண்டு வருடமும் முழுதாக வீண் போகவில்லை.

முழங்காலைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. சி வகுப்பில் ஒவ்வொரு நாளும் மற்றவர்களின் பயிற்சிகளுக்கு வீரராகவும் ஆட வேண்டியிருக்கும். லிகமென்ட் சத்திரசிகிச்சைக்குப் பின் பொதுவாக ஒன்பது மாதமாவது ஆகாமல், வைத்தியரின் எழுத்து இல்லாமல், அவன் போகக் கூடாது. இரண்டாம் நாளே கால் வீங்கினால் வகுப்பும் போகும், கட்டிய காசும் போகும். அதற்குள் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென்ட் ஜோன்ஸ் அம்பியூலன்ஸிலோ முதலுதவிச் சான்றிதழ் எடுக்கட்டும். பிள்ளைகளோடு வேலை செய்கிறவனுக்கு அது எப்படியும் வேண்டும்.

உங்கள் மகனிடம் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம், மைதானத்தில் சிங்களம். போர்த்துக்கல் பயிற்றுநர் ஜோசே மொரின்யோ 1992இல் லிஸ்பனில் இங்கிலாந்துப் பயிற்றுநர் பொபி ரொப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகத்தான் பெரிய உதைபந்தாட்டத்துக்குள் நுழைந்தார். அதற்கு முன்னால் உடற்கல்வி படித்துப் பாடசாலையில் கற்பித்தவர். வெளிநாட்டுப் பயிற்றுநர் வந்து நிற்கும் அணியில், யாழ்ப்பாணத்துப் பையனிடமும் கம்பளைப் பையனிடமும் அவரவர் மொழியில் ஒரே விடயத்தைச் சொல்லத் தெரிந்த உதவிப் பயிற்றுநருக்கு இடம் உண்டு.

இப்போது காசு. தொடக்கத்தில் சம்பளம் குறைவு என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பாடசாலைகள் பெரும்பாலும் மாதக் கொடுப்பனவோ தவணைக் கொடுப்பனவோதான் தரும், அதுவும் பிந்தி வரும், விடுமுறை மாதத்தில் நிற்கும். வாயால் பேசியதை நம்பாமல் ஒரு பக்கக் கடிதமாவது வாங்க வேண்டும்: கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு, எந்தத் திகதிக்குள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. அப்படித் தடை இருக்கும்போது சர்வதேச ஆட்டமும் இல்லை, ஃபிஃபாவின், ஆசியக் கூட்டமைப்பின் வகுப்புகளும் இல்லை. ஆகவே உரிமத்தை மட்டும் நம்பி ஒற்றைக் காலில் நிற்க நான் விடமாட்டேன்.

இரண்டாவது கால் உடற்கல்விப் படிப்பு. சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஒரே தடவையில் மூன்று பாடமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் சித்தி என்றால் விண்ணப்பிக்கும் தகுதி உங்கள் மகனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பாடச் சேர்க்கைக்கு எந்தப் பட்டம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அவனையே விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் பிள்ளைகள் கோட்டை விடுவது இதில்தான்: இப்படியான பட்டங்களுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்பு அல்லது செய்முறைத் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணைக்குழுப் படிவத்தை அனுப்பிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் தேசிய கல்வியியற் கல்லூரி. மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு ஆசிரியர் நியமனம். வர்த்தமானி வரும் நாளைத் தவறவிடாதீர்கள். அரச பாடசாலை உடற்கல்வி ஆசிரியர், பின்னேரத்தில் பி உரிமத்தோடு கிளப் பயிற்றுநர் என்றால், பெரியப்பாவின் பொம்பிளைக் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

பெரியப்பாவின் பணத்தை மறுக்க வேண்டியதில்லை. எஞ்சினியரிங்குக்கு என்று அனுப்பவிருந்ததில் ஒரு சிறு பங்கு போதும், சி வகுப்புக் கட்டணம், இருபது கோன், இரண்டு நிறத்தில் பிப், 4ஆம் இலக்கப் பந்து பத்து. ஃபோனை உயரத்தில் நிறுத்திப் பயிற்சியைப் படம் பிடிக்க ஒரு ஸ்டாண்டும். அந்தப் படத்தை இரவில் போட்டு, தான் எத்தனை நிமிடம் பேசினேன் என்று எண்ணட்டும். முதல் தடவை வெட்கப்படுவான்.

வரும் கிழமை பாடசாலை அதிபரிடம் போய், அவன் 12 வயதுக்குட்பட்டோரைப் பயிற்றுவிக்கிறான் என்று தொடங்கிய திகதியோடு ஒரு கடிதம் வாங்குங்கள். சம்பளம் கேட்க அல்ல, சம்மேளனத்துக்கான விண்ணப்பத்தோடு இணைக்க. தேர்ட் ஷை விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம். என்னைச் சந்திக்க வரும்போது மகனையும் கூட்டி வாருங்கள், ஃபோர்மேஷன் கீறிய அந்தக் கொப்பியையும் எடுத்து வரச் சொல்லுங்கள். வங்கிப் படிவம் வீட்டிலேயே இருக்கட்டும்.