நகையை வைத்துத் தொழிலைத் தாங்கலாமா?

கேள்வி: கோவை பீளமேட்டில் ஒன்பது வருடமாக வெப் டிசைன் தொழில் செய்கிறேன். ஒரு டெவலப்பர், ஒரு டிசைனர், நான். வேலையில் முக்கால்வாசி திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளிடமிருந்து வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து புது வேலை இல்லை, பழைய பில்லுக்கும் பணம் வரவில்லை. மாதம் 1.8 லட்சம் வந்த இடத்தில் இப்போது 50 ஆயிரம்தான். அதுவும் பெரும்பாலும் ஏஎம்சி (சைட்டுகளைப் பராமரிக்கும் ஆண்டு ஒப்பந்தப் பணம்). செலவு என்று பார்த்தால் சம்பளம் 50 ஆயிரம், ஆபீஸ் வாடகை 14 ஆயிரம், கரண்ட், நெட், ஹோஸ்டிங் எல்லாம் சேர்த்து 11 ஆயிரம், வீட்டுக்கு 45 ஆயிரம். ஏழு பார்ட்டிகளிடம் ஜிஎஸ்டியோடு 6.4 லட்சம் நிற்கிறது. கிரெடிட் கார்டில் 1.9 லட்சம் ஏறிவிட்டது. எஃப்டி 1.5 லட்சம், ஆபீஸ் அட்வான்ஸ் 1 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகை 22 பவுன். அதை வைத்து 5 லட்சம் எடுத்தால் மந்தம் தீரும்வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவியும் சரி என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூணு வட்டிக்குத் தரவும் தயார். சென்னையில் ஒரு கம்பெனி 65 ஆயிரம் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. என்ன செய்யட்டும்? – வாசகர், கோவை

பதில்: மூணு வட்டிப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். எந்த வெப்சைட் வேலையிலும் அவ்வளவு லாபம் நின்றதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நகைக்கு வருவோம். உங்கள் கணக்குப்படி மாதம் 1.2 லட்சம் செலவு, 50 ஆயிரம் வரவு. துண்டு விழுவது 70 ஆயிரம். 5 லட்சத்தை வாங்கி இந்தப் பள்ளத்தில் போட்டால் ஏழு மாதம் ஓடும். எட்டாவது மாதம் அதே 70 ஆயிரம் துண்டு இருக்கும், கூடவே நகைக்கடன் வட்டியும் இருக்கும். மந்தம் ஏழு மாதத்தில் தீரும் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? எனவே மாதச் செலவை ஓட்ட நகையை வைக்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது உங்கள் மனைவியின் சொத்து, சட்டப்படியும் அப்படித்தான். அவர் 'சரி' என்று சொன்னது, நீங்கள் கவலைப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்ன சரியாக இருக்கலாம். இந்த வரவு செலவு எண்களை ஒரு தாளில் எழுதி அவர் முன் வைத்து, அதற்குப் பிறகு கேளுங்கள்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் நகையைத் தொடலாம். கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் போடுகிறார்கள் என்று வைத்தால், 1.9 லட்சத்துக்கு வட்டி 6,650 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மாதம் 7,800 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. அதே 1.9 லட்சத்தை வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நகைக்கடனாக எடுத்தால் மாதம் 1,600 ரூபாய்தான். 22 பவுனையும் வைக்க வேண்டியதில்லை, அந்தத் தொகைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். கடன் வந்த அன்றே கார்டை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். ஹோஸ்டிங், சாஃப்ட்வேர் சந்தா எதெல்லாம் தானாக அந்தக் கார்டில் கழிகிறதோ அதையெல்லாம் டெபிட் கார்டுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் நகையும் அடகில் இருக்கும், கார்டும் மறுபடி ஏறும். எஃப்டியை உடைத்தும் கார்டை அடைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வருமானம் ஆட்டம் காணும் நேரத்தில் வீட்டுக்கு மூன்று மாதச் செலவுக்கான ரொக்கம் அது மட்டும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் கடன் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் சொந்தப் பணம் 6.4 லட்சம் வெளியில் நிற்கிறது. அதில் 97,600 ரூபாய் வாக்கில் ஜிஎஸ்டி. இன்வாய்ஸ் போட்ட மாதத்திலேயே அந்த வரியைக் கணக்கில் காட்டிக் கட்டியிருப்பீர்கள். கையில் வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு, அந்தப் பள்ளத்தைக் கார்டில் நிரப்பியிருக்கிறீர்கள். வராக்கடன் என்று சொல்லி ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற நம் சட்டத்தில் வழி இல்லை. வேலை பாதியில் நின்று, செய்யாத பகுதிக்கும் சேர்த்து இன்வாய்ஸ் போட்டிருந்தால் மட்டும் அந்தப் பகுதிக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) கொடுக்கலாம். நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை அதற்கு நேரம் உண்டு. ஏழு பில்லையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் இதை மட்டும் கேட்கப் போங்கள்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு பற்றி நீங்கள் எழுதவில்லை. பதிவு இருந்தால் அந்த எண் உங்கள் இன்வாய்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் பதிவு செய்துவிட்டு அந்தச் சான்றிதழை ஃபைலில் தூங்க விடுகிறார்கள். பதிவே இல்லை என்றால் அரசு இணையதளத்தில் இன்றே இலவசமாகச் செய்துகொள்ளுங்கள், பணம் கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பதிவுக்குப் பிறகு செய்த வேலைக்குத்தான், பாக்கி வசூலுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை உறுதியாக நம்பலாம்.

அந்த எண் ஏன் முக்கியம் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி உங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. பேங்க் ரேட் 5.5 சதவீதம் என்றால் 16.5 சதவீதம். இதைவிடப் பணம் தராத பார்ட்டிகளைச் சுடும் விதி இன்னொன்று 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராமல் நிதியாண்டை முடித்தால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். ஜிஎஸ்டி பக்கமும் ஒரு பிடி உண்டு. உங்கள் பில்லுக்கு இன்புட் கிரெடிட் எடுத்துக்கொண்டு (அதில் உள்ள ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொண்டு) 180 நாள் பணம் தராமல் இருந்தால், எடுத்த கிரெடிட்டை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் முதலாளியிடம் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அவர் 'பார்க்கலாம் தம்பி' என்பார், அத்தோடு முடியும். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு மெயில் அனுப்புங்கள். பில் எண், தேதி, தொகை, உத்யம் எண், இன்றோடு எத்தனை நாள் ஆகிறது, 180 நாள் எந்தத் தேதியில் முடிகிறது, இவ்வளவுதான். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம். அந்த மெயில் அவர்களுடைய ஆடிட்டர் மேசைக்குப் போகும். அங்கிருந்து வரும் அழுத்தத்துக்கு முதலாளி காது கொடுப்பார். வெள்ளி, சனியில் கூப்பிடாதீர்கள். சனிக்கிழமை வாரக்கூலி போட வேண்டிய ஊர் அது. செவ்வாய், புதன் நல்லது.

ஏழு பேரையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். ஆர்டர் ரத்தாகி, ஆள் குறைத்து, அவரே தவிக்கிறார் என்றால் நான்கு தவணையாக வாங்குங்கள். தேதி போட்ட காசோலையாகவே வாங்குங்கள். காசோலை திரும்பி வந்தால், வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதை மறக்காதீர்கள். யூனிட் நன்றாக ஓடுகிறது, புது கார் நிற்கிறது, உங்கள் போனை மட்டும் எடுப்பதில்லை என்றால் அவருக்குத் தவணை கிடையாது. எழுத்தில் நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் சிறு தொழில்களுக்கான வசூல் உதவி மன்றத்தில் மனு. கோவையிலேயே அந்த மன்றம் இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதனால் அந்தப் பணத்தை நம்பி எதுவும் திட்டமிடாதீர்கள். கோபத்தில் அவர்கள் சைட்டை முடக்குவது, டொமைனைப் பிடித்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். டொமைன் அவர்களுடையது. அதை முடக்கினால் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் போய்விடும், திருப்பூரில் பேரும் கெடும். உங்கள் காசில் புதுப்பித்துக் கொடுப்பதை நிறுத்தலாம். 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

பில் தேதிகளையும் பாருங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. பழைய பில் ஏதாவது அந்தக் கெடுவை நெருங்கினால், 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று கையெழுத்தோடு ஒரு நிலுவைக் கடிதம் வாங்குங்கள், அல்லது ஒரு சின்னத் தொகையாவது வங்கி வழியாக வாங்கி, எழுத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். கெடு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும்.

செலவுப் பக்கம். ஆபீஸைக் காலி செய்யுங்கள். வெப் டிசைனுக்குக் கடைத்தெருவில் பலகை தேவையில்லை, பார்ட்டியைப் பார்க்க நீங்கள்தானே போகிறீர்கள். வாடகை 14 ஆயிரமும் கரண்ட், நெட் வகையில் 4 ஆயிரமும் மிச்சம், அட்வான்ஸ் ஒரு லட்சமும் கைக்கு வரும். டிசைனரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். பாதி நேரம், பாதிச் சம்பளம், வெளி வேலை எடுத்துக்கொள்ள அனுமதி என்று கேட்டுப் பாருங்கள். அவர் வேறு இடம் தேடிக்கொள்வதாகச் சொன்னால் மனதாரப் பரிந்துரை செய்து அனுப்புங்கள். சம்பளத்தைப் பாக்கி வைப்பதைவிட அது கௌரவம். டெவலப்பரை விடாதீர்கள். ஏஎம்சி அவர் கையில்தான் நிற்கிறது.

இத்தனையும் செய்து, டிசைனர் சம்பளத்தில் 11 ஆயிரம் குறைவதாக வைத்தால், செலவு 92,600க்கு இறங்கும், நகைக்கடன் வட்டியையும் சேர்த்து. துண்டு 42,600. நிலுவையில் பாதி, அதாவது 3.2 லட்சம் வந்து, அட்வான்ஸும் வந்தால் 4.2 லட்சம். ஏறக்குறைய பத்து மாதத்துக்குப் போதும். 5 லட்சம் நகைக்கடன் ஏழு மாதம்தான் தந்தது. 2025-26 நிதியாண்டின் 26ஏஎஸ் என்ற வருமான வரிப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். பார்ட்டிகள் பணம் தரும்போதே பிடித்த வரி (டிடிஎஸ்) அதில் இருக்கும். அந்த ஆண்டுக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை, உங்கள் வருமானம் அதற்குக் கீழேதான் நிற்கும். ரிட்டர்னை நேரத்தோடு போட்டால் பிடித்தது முழுக்கத் திரும்ப வரும்.

வரவுப் பக்கம், விலையைக் குறைத்து வேலை பிடிக்காதீர்கள். 30 ஆயிரம் சைட்டை 12 ஆயிரத்துக்குச் செய்தால் பழைய பார்ட்டிக்கும் அதுதான் விலை என்று ஆகிவிடும். பக்கத்தைக் குறையுங்கள், வசதியைக் குறையுங்கள், கட்டணத்தைப் பிடித்து நில்லுங்கள். திருப்பூரையும் விட்டுவிட வேண்டாம். 2008இல் உலகச் சரிவு, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடல், 2020இல் ஊரடங்கு என்று எத்தனையோ அடி வாங்கி எழுந்த ஊர் அது. அமெரிக்கா வேண்டாம் என்றதும் பிரிட்டன், ஐரோப்பா பக்கம் ஏற்றுமதியாளர்கள் திரும்புகிறார்கள்; பிரிட்டனோடு 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்குள்ள பையர், ஒரு கம்பெனியின் சைட்டைத் திறந்தால் தேடுவது பருத்திச் சான்றிதழ், சாயக் கழிவுச் சுத்திகரிப்பு, தொழிலாளர் தணிக்கை. உங்கள் பழைய பார்ட்டிகளின் சைட்டில் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா? பெரும்பாலும் 2018இல் எடுத்த டீஷர்ட் போட்டோவோடு நிற்கும். அதைப் போய்க் காட்டுங்கள். ஆனால் பழைய பாக்கியில் ஒரு பகுதியும் புது வேலைக்கு முன்பணமும் வராமல் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். கட்டம் கட்டமாகப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்தந்தக் கட்டத்துக்கு மட்டும் இன்வாய்ஸ் போடுங்கள். கன்டென்ட் தராமல் இழுப்பவர்களுக்கு ஒரு வரி சேருங்கள்: 30 நாளில் படமும் எழுத்தும் வராவிட்டால், அதுவரை செய்த வேலைக்கான தொகையைத் தந்துவிட வேண்டும். கூடவே கோவையில் பம்ப், கிரைண்டர் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், பள்ளிகள் என்று இன்னும் இரண்டு துறைகளில் கால் ஊன்றுங்கள். இனி ஒரே ஊரிலிருந்து பாதிக்கு மேல் வரவு வேண்டாம்.

சென்னை வேலை? 65 ஆயிரத்தில் அங்கே அறை வாடகை, சாப்பாடு, வாரக்கடைசிப் பயணம் போக வீட்டுக்கு 45 ஆயிரம் அனுப்பலாம். அது கெட்ட வாய்ப்பு இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் இவ்வளவு மோசமான நேரத்திலும் மாதம் வரும் 50 ஆயிரத்தில் பெரும்பகுதியைத் தரும் ஏஎம்சியை உடனே கைவிட வேண்டாம். ஆறு மாதம் கெடு வையுங்கள். ஆறாவது மாதம் வரவு 85 ஆயிரத்தைத் தொடவில்லை என்றால், அல்லது நகையில் இன்னும் ஒரு பவுன் வைக்க வேண்டிய நிலை வந்தால், ஏஎம்சியை டெவலப்பரிடம் பங்கு பேசி ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். அந்தக் கம்பெனியிடம் இப்போதே, சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

குடும்பத்துக்கான ஹெல்த் பாலிசியை மட்டும் செலவுக் குறைப்பில் சேர்க்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் வரி சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக் கட்டுங்கள்.