எந்தத் தண்ணீருக்கு எந்தத் தூண்டில்? கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக ஏரி, கண்மாய், காவிரி என்று தூண்டில் போட்டு வருகிறேன். நன்னீர் மீன்பிடி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள் இவை.

முதன்முதலாக ராட் (தூண்டில் கழி), ரீல் (நரம்பு சுற்றும் உருளை) வாங்கப் போகிறேன். கடைக்காரர் விலை கூடினதைத்தான் காட்டுகிறார். எங்கள் ஊரில் ஏரி மட்டும்தான். (விழுப்புரம்)

ஏரிக்கு 7 அடி ஸ்பின்னிங் ராட் (எறிந்து சுற்றி இழுக்கும் வகை), நடுத்தரமான 3000 சைஸ் ரீல், 0.30 மி.மீ. தடிமன் நைலான் நரம்பு போதும். மடக்கி நீட்டும் ராடைவிட இரண்டு துண்டாக வருவதையே நான் சொல்வேன், மூட்டுகள் குறைவு. கடையிலேயே ரீலில் கொஞ்சம் நரம்பு சுற்றச் சொல்லி, டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை) லேசாக வைத்துக் கையால் இழுத்துப் பாருங்கள். நரம்பு சீராக வழுக்கி வர வேண்டும். திக்கித் திக்கி வந்தால் அந்த ரீல் வேண்டாம், பெரிய மீன் மாட்டும் அன்றுதான் அது காலை வாரும். மிச்சப்படும் பணத்தை நல்ல தூண்டில் முள்ளுக்குப் போடுங்கள்.

ஒரே குளத்தில் எனக்கு மிர்கால்தான் படுகிறது, பக்கத்தில் இருப்பவருக்குக் கட்லா படுகிறது. இரை ஒன்றுதான், அண்ணா! (தஞ்சாவூர்)

இரை ஒன்றுதான் தம்பி, ஆழம் வேறு. கட்லா மேல்தண்ணீரில் மேயும், வாய் மேல்நோக்கி இருக்கும். ரோகு நடுத்தண்ணீர். மிர்கால் தரையைக் கிளறித் தின்னும். உங்கள் ஈயக் குண்டு இரையைத் தரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. நரம்பில் தக்கையை முள் பக்கமாக இறக்கி, முள் 2, 3 அடி ஆழத்தில் தொங்கும்படி வையுங்கள். தவிட்டையும் கடலைப்புண்ணாக்கையும் உதிரியாகப் பிசைந்து தக்கையைச் சுற்றித் தூவுங்கள். இறுக்கி உருட்டிப் போட்டால் அதுவும் நேரே தரைக்குத்தான் போகும்.

விரால் அடிக்கிறது, ஆனால் மாட்டவே மாட்டேன் என்கிறது. தவளை லூர் (ரப்பர் தவளைப் போலி இரை) போடுகிறேன். (மேலூர்)

இது எனக்கு ரொம்பப் பிடித்த மீன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விரால் காற்றைக் குடிக்க மேலே வரும். ஆகாயத்தாமரை ஓரத்தில் பத்து நிமிடம் சும்மா நின்றால் 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்கும், வட்டம் விரியும். அதன்மேலேயே எறியாதீர்கள், மிரண்டுவிடும். நாலைந்து அடி தாண்டி எறிந்து, இலைமேல் ஏற்றி, இரண்டு தத்து தத்தவிட்டு, இலை இடைவெளியில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிற்கும் நேரத்தில்தான் அடி விழும்.

தண்ணீர் வெடித்ததும் சுண்டிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. தவளை அதன் வாய் ஓரத்தில்தான் இருக்கும், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ராட் நுனியைத் தாழ்த்தி, மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகு பலமாக இழுங்கள். இதற்கு நைலான் நரம்பு சரிப்படாது, ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். 30 பவுண்டுக்குக் குறையாமல் தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு) போடுங்கள். ராட் மீடியம் ஹெவி, அதாவது கொஞ்சம் விறைப்பானது. லூருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அவ்வப்போது பிழிந்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீர்மேல் கொதிப்பதுபோல் தெரிந்தால் அங்கே போடாதீர்கள். தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரைதான்.

பெரிய மீன் மாட்டினாலே நரம்பு அறுந்துவிடுகிறது. நரம்பு மட்டமா? (ஈரோடு)

அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது. சொரசொரப்பாக இருந்தால் பாறையிலோ முள்செடியிலோ உரசியிருக்கிறது. சுத்தமாக வெட்டினமாதிரி இருந்தால்தான் இழுப்புத் தாங்காமல் போனது, டிராகைத் தளர்த்துங்கள். நரம்பின் தாங்கு எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக் இறுக்கக் கூடாது. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நைலானைச் சரேலென்று இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடமே பலம் இழக்கும். நான் இதைத் தெரிந்துகொள்ளுமுன் ஒரு நல்ல கட்லாவைக் கரையருகே விட்டிருக்கிறேன், நுனி சுருண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜிலேபி மீன் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது. (மதுரை)

முள் பெரிது. 10ஆம் நம்பர் போட்டுப் பாருங்கள், நம்பர் கூடினால் முள் சிறிதாகும். மண்புழுவை முழுதாகக் கோக்காமல், முள் மறையும் அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள்.

காவிரியில் ஈயம் பாறையில் சிக்கி எல்லாமே போகிறது. (பவானி)

ஈயத்தைத் தனியாக, மெல்லிய நரம்பில் கட்டுங்கள். சிக்கினால் அது மட்டும் அறும், முள்ளும் மீனும் தப்பும். மஹசீர் என்ற பெரிய ஆற்று மீன் மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். காவிரிப் படுகையை விட்டால் வேறெங்கும் இல்லாத திமில் மஹசீர், 2018இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அப்புறம், மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாட்களில் நடு ஆற்றுப் பாறையில் போய் உட்காராதீர்கள். குறுவைக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம், ஆனால் வரத்தைப் பொறுத்து எப்போது வேண்டுமானாலும் கூட்டுவார்கள். கால் நனையும்போது எழுந்தால்கூட, கரைக்கு வழி இருக்காது.

ஐயா, பையனுக்கு 9 வயது. அவனுக்கு என்ன வாங்கித் தரலாம்? (ஒரு அம்மா, திருச்சி)

ஒன்றும் வாங்க வேண்டாம் அம்மா. ஆறடி மூங்கில் கழி, அதே நீளத்துக்கு நரம்பு, மயில் இறகுத் தண்டில் ஒரு தக்கை, சின்ன முள். முதலில் கெண்டைப்பொடி பிடிக்கட்டும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும், கரையில் மின்கம்பி போகிற இடத்தில் அதைச் சிறுவர் கையில் கொடுக்கவே கூடாது. கெளுத்தி மாட்டினால் அவனைத் தொடவிடாதீர்கள், முதுகிலும் இரண்டு பக்கத்திலும் முள் இருக்கும். ஈரத் துண்டால் பிடித்து நீங்களே கழற்றுங்கள். குத்திவிட்டால், கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் கடுப்புக் குறையும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.