பூர்வீகப் படத்தை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: தேவகோட்டையில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது, பூஜை அறையில் இருந்த பெரிய தஞ்சாவூர் ஓவியம் என் பங்குக்கு வந்தது. வயது நூறுக்கு மேல் இருக்கும். லண்டனில் ஏலம் விட்டால் நல்ல விலை போகும் என்கிறாள் அங்கே இருக்கும் என் மகள். புதுக் கைவினைப் பொருள் என்று பில் போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் பேக்கிங் செய்பவர். என் சொந்தப் பொருள்தானே, அனுப்பலாமா?

பதில்: அனுப்பவே வேண்டாம், அம்மா.

படம் உங்களுடையதுதான், ஆனாலும் சட்டம் தடுக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு ஆன ஓவியம் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டும்தான். விற்க இல்லை, மகளுக்குக் கொடுக்கத்தான் என்றாலும் இதே தடைதான். மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, கூடவே அபராதம். சுங்கத் துறை படத்தைப் பறிமுதல் செய்யலாம். பொய்யான பில் உங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தாலும், நல்ல ஏல நிறுவனம் அது இந்தியாவை விட்டு எப்போது, எந்த அனுமதியோடு வந்தது என்று காகிதம் கேட்கும். தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் பல லட்சம் டாலருக்கு வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. இப்படி நம் சாமிகள் கடல் கடந்து போனதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தடையின் அருமை தெரியும். உங்கள் படம் திருட்டுப் பொருள் இல்லைதான். ஆனால் காகிதம் இல்லாமல் போனால் அதையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? இந்தியாவுக்குள் விற்கத் தடையில்லை. நூறாண்டு ஆன ஓவியத்தைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிவு செய்தாக வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் விற்பதற்கு முன் அதை முடியுங்கள். கைமாறும்போதும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மும்பை, டெல்லி ஏல நிறுவனங்கள் இத்தகைய படங்களை ‘ஏற்றுமதி செய்யக் கூடாதது’ என்று குறித்தே விற்கின்றன. வெளிநாட்டார் போட்டி இல்லாததால் விலை குறையும் என்று நீங்கள் வருந்தினால் அது நியாயம்தான். ஆனாலும் கலைப் பொக்கிஷம் என்பதால் நாட்டை விட்டுப் போகக் கூடாத, புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷெர்-கிலின் ஓவியம் ஒன்று 2023-இல் டெல்லியில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. உங்கள் படத்துக்கு அந்த விலை வராது. வாங்க இங்கேயும் ஆள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வயதில் சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டுங்கள். தொல்பொருள் அல்ல என்று அவர்கள் சான்று கொடுத்தால் தாராளமாக அனுப்பலாம். அப்புறம், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இந்தப் படம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற பங்காளிகளிடம் இப்போதே ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.